செய்யப்பட்டது: செய்தவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய இரயில்வே எழுத்தன் ஒருவன் இலக்கணம் பேச எழுவது பொருந்துமோ என ஐயுறுவோர் இருக்கலாம். நான் இலக்கணத்தை நூல்களிற் கற்றதினும் கோப்புகளிற் கற்றதே மிகுதி. நாள்தோறும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்தும் எழுதியும் வருகின்றவன் ஆதலின், அம்மொழியில் வழங்கும் செயப்பாட்டு வினை ஒன்றைப் பற்றி மட்டும் சில சொல்ல விழைகின்றேன்.

‘கண்ணன் கடிதத்தைத் தொலைத்தான்’ என்பது செய்வினை. ‘கடிதம் கண்ணனால் தொலைக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினை. பின்னதில் ‘கண்ணனால்’ என்னும் சொல்லை எடுத்துவிட்டாலும் வாக்கியம் விழுவதில்லை. கடிதம் தொலைக்கப்பட்டது என்று தலை நிமிர்ந்து நிற்கின்றது. ஆங்கிலத்துச் செய்வினையிலோ கண்ணனை எடுத்துவிட்டால் வாக்கியமே இல்லை. அம்மொழியின் அலுவலக நடை முழுவதும் இந்த ஒரு வசதியில்தான் குடியிருக்கின்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதனால் செயப்பாட்டு வினையே தீது என்று எவரும் கொள்ளற்க. நாம் ‘பிறந்தேன்’ என்று செய்வினையாற் கூறுவதை ஆங்கிலேயர் ‘ஐ வாஸ் பார்ன்’ என்று, பிறப்பிக்கப்பட்டவரைப் போலக் கூறுவர். ஈன்றவள் தாய் என்பதை யாவரும் அறிவர்; அதனாற் சொல்லாது விடுகின்றனர். ஓடும் வண்டியில் அபாயச் சங்கிலி இழுக்கப்பட்டது என்று கார்டு எழுதுகின்றார். இழுத்தவன் இன்னான் என்று தெரியாதபோது அதுவே நேர்மையான வாக்கியம். மற்றொரு பயனும் உண்டு. ஒரு முதியவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், அவர் மீது லாரி மோதிய செய்தியைச் சொல்ல வேண்டின், ஆங்கிலேயர் முதியவரையே எழுவாயாக வைத்து ‘லாரியால் மோதப்பட்டார்’ என்பர். பேச்சின் பொருள் மாறாதிருக்க அவர்களுக்கு அஃதொன்றே எளிய வழி. நமக்கு அவ்விடர்ப்பாடு இல்லை. ‘அவரை ஒரு லாரி மோதிவிட்டது’ என்று இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்து முன்னே வைத்தால் முடிந்தது. உருபு காவலிருக்கையில் சொல் எவ்விடத்தில் நின்றால் என்ன?

செயப்பாட்டு வினை வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்திறங்கியது என்பாரும் நம்மிடையே உளர். அது பொருந்தாது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘எனப்படுப’ என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. பிடிபட்டான், அடிபட்டான், அகப்பட்டான் என்று நம் வீட்டுச் சிறுவரும் சொல்கின்றனர். செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்லும் வழக்கையும் தொல்காப்பியர் ஒப்புக்கொண்டார்; திண்ணை தன்னைத்தானே மெழுகிக்கொண்டது போலப் பேசும் பேச்சை உரையாசிரியர்கள் அதற்கு எடுத்துக்காட்டினர். மெழுகியவள் அவ்வீட்டுப் பெண் என்பது ஊரறிந்தது. ஆகையால் அதில் ஒளிப்பு ஒன்றுமில்லை.

ஒளிப்பு எங்கே புகுகின்றது என்பதற்கு நம் நிலையங்களிலேயே சான்றுண்டு. வண்டி காலந் தாழ்த்தி வருமானால் ஒலிபெருக்கி ஆங்கிலத்தில், ‘தி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்’ என்கின்றது. ஏற்படுத்தப்பட்ட இடையூறு ஆழ்ந்து வருந்தப்படுகின்றது! ஏற்படுத்தியவரும் இல்லை, வருந்துபவரும் இல்லை; வருத்தம் மாத்திரம் மேடையில் உலவுகின்றது. அதையே தமிழில் ‘வருந்துகிறோம்’ என்று சொல்லுகையில், ‘ஓம்’ என்னும் விகுதியில் யாரோ சிலர் வந்து நம் முன் நின்றுவிடுகின்றனர்.

இவ்விகுதியின் அருமை, சென்னையில் இருப்பவரினும் கொச்சியில் வாழும் நமக்கே நன்கு விளங்கும். ஞான் போயி, நீ போயி, அவர் போயி என்று மலையாளத்தில் வினை ஒரே வடிவாய் நிற்கும். பழங்காலத்தில் அம்மொழிக்கும் விகுதிகள் இருந்து, பின்னர் வழக்கொழிந்தன என்பர் அறிஞர். தமிழிலோ போனேன், போனாய், போனார் என்று வினைமுற்றே செய்தவரைச் சுட்டும். மட்டாஞ்சேரியிற் பிறந்த நம் பிள்ளைகள் தமிழ் பேசும்போது முதலில் தடுமாறுவதும் இவ்விடத்திலேதான். அதற்காக மலையாளத்தைக் குறை கூறுகின்றேன் என்று எண்ணற்க; நாம் உண்ணும் சோறு அம்மொழி பேசும் மண்ணில் விளைந்தது.

இனி, இப்பொருளை நான் பேச எடுத்துக்கொண்ட காரணத்தைச் சொல்கின்றேன். நம்மவருள் ஒரு தாயார். கணவர் ஓர் அலுவலகத்திற் பல்லாண்டு பணியாற்றி மறைந்தார். அலுவலகத்தின் பெயர் இங்கு வேண்டா. குடும்ப ஓய்வூதியம் கோரி அவ்வம்மையார் எழுதிய விண்ணப்பத்திற்கு ஆங்கிலத்தில் விடை வந்தது. கணவரின் பணிப்பதிவேடு இடம் தவறி வைக்கப்பட்டமை வருந்தப்படுகின்றதாம். அதன் படி ஒன்றை அனுப்பி வைக்குமாறு அம்மையார் கேட்டுக்கொள்ளப்படுகின்றாராம். அப்பதிவேட்டை வைத்துக் காக்கும் பொறுப்பு அலுவலகத்தினுடையது. அதன் படி ஓர் ஏழைக் கைம்பெண்ணிடம் எப்படி இருக்கும்? நான் கடிதத்தைத் தமிழாக்கிச் சொன்னேன். எழுத்தறியாத அத்தாயார் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “தொலைச்சது யாரு தம்பி?”

அக்கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். அதில் மூன்று வினைகள் இருந்தன. ஒரு மனிதர்கூட இல்லை.

பிறகு இருவரும் கூடி வேறு வகையாய் எழுதினோம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பத்து ரூபாய்க் கட்டணத்தோடு, நேரான வினாக்கள் மூன்று. பதிவேட்டைக் கடைசியாகப் பெற்றுக்கொண்டவர் யார்? எந்த நாளில் பெற்றார்? அவர் அதை யாரிடம் ஒப்படைத்தார்? அச்சட்டம் செயப்பாட்டு வினைக்குப் பகை என்றே சொல்வேன். பொதுத் தகவல் அலுவலரின் பெயரை வெளியிடச் சொல்கின்றது. முப்பது நாளுக்குள் விடை தரச் சொல்கின்றது. தக்க காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், 25,000 ரூபாய் வரை, அவ்வலுவலர் மீதே தண்டம் விதிக்க வகை செய்கின்றது. முப்பது நாள் முடியுமுன் விடை வந்தது. பதிவேடு பிறிதொரு பிரிவின் அலமாரியிலிருந்து ‘கண்டெடுக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தனர். பழக்கம் எளிதில் விடுமா! ஆயினும் அவ்வம்மையாருக்கு ஓய்வூதியம் வரத் தொடங்கிற்று.

இது சிற்றலுவலகங்களின் நோய் மட்டுமன்று. 1987 சனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன், ஈரானுக்குப் படைக்கலம் விற்ற விவகாரத்தில் தவறுகள் செய்யப்பட்டன என்ற முறையிலே பேசினார். செய்தவர் யாவர் என நாடு கேட்டது. மார்ச்சு மாதத்தில் மீண்டும் பேசியபோது, முழுப் பொறுப்பையும் தாமே ஏற்பதாகச் சொல்ல நேர்ந்தது. பர்மாவிற் காவல்துறை அதிகாரியாய் இருந்து பின்னர் எழுத்தாளரான ஜார்ஜ் ஆர்வெல், செய்வினை பொருந்தும் இடத்திற் செயப்பாட்டு வினையை எழுதலாகாது என்று 1946 இல் ஒரு கட்டுரையில் விதித்தார். அக்கட்டுரையிலேயே அவர் செயப்பாட்டு வினையைத் தாராளமாக எழுதியுள்ளார் என்று ஜெஃப்ரி புல்லம் என்னும் மொழியியலறிஞர் எடுத்துக்காட்டியது வேடிக்கை. ஆர்வெலின் விதியினும் அத்தாயாரின் கேள்வியே எனக்குச் சிறந்த இலக்கணமாகப் படுகின்றது. வினை ஒன்றைக் கண்டால் ‘யார்’ என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை வேண்டாத இடத்தில் ‘பட்டது’ இருக்கட்டும். விடை வேண்டிய இடத்தில் அதை விடலாகாது.

நம் உறுப்பினர் பலர் குடும்ப அட்டைக்கும், பட்டாவுக்கும், வைப்புநிதிக்கும் விண்ணப்பம் எழுதுவிக்க என்னை நாடி வருகின்றீர்கள். ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தில் இருப்பேன், தயங்காமல் வருக. வரும்போது, எந்த நாளில் எவரிடம் தாளைக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு சீட்டிற் குறித்து வருக.

இறுதியாக நம் செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டறிக்கையில், நூலகத்துக்கு அலமாரி வாங்குவது ‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று அச்சிட்டுள்ளீர்கள். ஒத்திவைத்தவர் யார் ஐயா?