கதியால் வேர்விடும் கதை
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



கிளுவையையும் பூவரசையும் வெட்டிக் கதியாலாக நட்டால், வேரே இல்லாத தடி சில கிழமைகளில் வேர்விட்டுத் துளிர்ப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இதற்குக் காரணமான ஓமோன் ஒட்சின். அது தளிரில் உண்டாகி, தண்டு வழியே இறங்கி, வெட்டிய அடியில் சேர்கிறது. அங்கே வேர் பிறக்கிறது.

நாங்கள் உயர்தரம் படித்தபோது, ஒட்சின் "வளர்ச்சியைத் தூண்டும்" என்று எழுதினாலே புள்ளி கிடைத்தது. எப்படித் தூண்டுகிறது என்பது பின்னர்தான் தெளிவானது. கலத்தினுள் வளர்ச்சிக்குரிய மரபணுக்களை ஒரு புரதம் அடக்கி வைத்திருக்கிறது. ஒட்சின் பசைபோல நின்று, அப்புரதத்தை டிஐஆர்1 என்ற இன்னொரு புரதத்தோடு ஒட்டுகிறது. உடனே யூபிகுயிட்டின் என்னும் சிறு புரதங்கள் அதன்மேல் சங்கிலியாகக் கோக்கப்படுகின்றன. அது "அழிக்கலாம்" என்ற முத்திரை. முத்திரை விழுந்ததைப் புரோட்டியசோம் துண்டு துண்டாக்கிவிடுகிறது. தடை நீங்கியதும் வளர்ச்சி தொடங்குகிறது.

ஜிபரெலினும் டெல்லா என்னும் தடைப் புரதங்களை இவ்வாறே அகற்றுகிறது. பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் டெல்லா இலகுவில் அழிவதில்லை. ஆகவே தண்டு நெடுத்து வளராது. கதிரின் பாரத்தில் சாயாது.

வைத்தியராகிய நான் ஏன் இதைப் பேசுகிறேன்? 1950களின் இறுதியில் கர்ப்பிணிகளின் குமட்டலுக்குத் தலிடோமைட் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. கை கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தனர். 1961இல் அது சந்தையிலிருந்து மீளப்பெறப்படத் தொடங்கியது. அது ஏன் அவ்வாறு செய்தது என்பது அரை நூற்றாண்டாகப் புரியவில்லை.

2007இல் ஒட்சின் பசைபோல இயங்குவது மூலக்கூற்று அமைப்பிலேயே காட்டப்பட்டது. 2010இல் யப்பானிய ஆய்வாளர்கள், தலிடோமைட் பற்றிக்கொள்ளும் செரிப்ளோன் என்ற புரதத்தைக் கண்டறிந்தனர். கதை அதேதான்: இந்த மருந்தும் ஒரு பசை. அழியக்கூடாத புரதங்களை அழிவுக்கு ஒட்டிவிடுகிறது. அதே குடும்பத்து லெனலிடோமைட், மல்டிபிள் மயலோமா என்னும் என்புமச்சைப் புற்றுநோயில், நோய்க் கலங்கள் நம்பியிருக்கும் இரு புரதங்களை அழித்து நோயாளிகளுக்கு ஆயுளைக் கூட்டித் தருகிறது. கருவைச் சிதைத்த செயலே, இடமறிந்து பயன்படுத்தும்போது உயிர் காக்கிறது. ஆயினும் கர்ப்பிணிகள் இம்மருந்துகளைத் தொடவே கூடாது.

சகோதரிகளே, உயிரியல் படித்தும் மருத்துவபீடம் கிடைக்காத பிள்ளை தாவரவியல் படிக்கப் போவதாகச் சொன்னால், நம் வீடுகளில் இழவு விழுந்ததுபோல முகம் வாடுகிறது. செடியைப் படித்தவர்கள் கண்ட வழியையே மருத்துவம் பின்னர் மனித உடலிலும் கண்டது. அந்தப் பிள்ளையை "இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்டுச் சோர்வடையச் செய்யாதீர்கள். அவளுக்கு முன்னால் நிற்கும் தடையை எடுத்துவிட்டால் போதும். வளர்ச்சியை அவள் பார்த்துக்கொள்வாள்.