நத்தையும் புழுவும் லயத்துக் கானும்

(கல்கிசையில் தொழில் செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தோம். அவருக்கு அவிசாவளைப் பக்கம் ரப்பர் தோட்டம். வீட்டுப் பசுவுக்கு மூக்கு அடைத்து, குறட்டை விடுவது போல மூச்சு இழுக்கிறதாம். மாட்டு டாக்டர் பார்த்துவிட்டு, "இது தண்ணியில வர்ற புழும்மா" என்றாராம். தண்ணியில் இருக்கும் புழு மூக்குக்குள் எப்படிப் போகும், அது நமக்கும் வருமா என்று கேட்டார். நல்ல கேள்வி. நாங்கள் வகுப்பில் தட்டைப்புழு பாடம் எடுக்கும்போது எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை.

அந்தப் புழு தட்டைப்புழு இனத்தைச் சேர்ந்தது. மாட்டின் மூக்கில் உள்ள இரத்தக் குழாயில் குடியிருக்கும். 1933இல் அதை விவரித்து எழுதியவர் சென்னையைச் சேர்ந்த ஆனந்தநாராயண ராவ். மாட்டின் மூக்குச் சளியோடு முட்டை குட்டையில் விழும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு உடனே ஒரு நத்தையைத் தேட வேண்டும். எல்லா நத்தையும் ஆகாது, அதற்கென்று உள்ள நத்தைதான் வேண்டும். கிடைக்காவிட்டால் ஒரு நாளைக்குள் செத்துப்போகும். கிடைத்தால் நத்தையின் உடம்புக்குள் ஒன்று பலவாகப் பெருகி, வாலுள்ள சிறு புழுக்களாகத் திரும்பத் தண்ணிக்கு வரும். தண்ணியில் இறங்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வாயால் விழுங்க வேண்டியதில்லை.

மாட்டுக்குரிய இந்த இனப் புழுக்கள் மனிதத் தோலிலும் நுழையப் பார்க்கும். ஆனால் நம் உடம்பு ஒத்துக்கொள்ளாததால் அங்கேயே செத்துவிடும். வயலில் இறங்கியவர்களுக்குக் காலில் வரும் ஒருவகைக் கடிக்கு இதுதான் காரணம். ஆகவே அக்கா பயப்பட வேண்டாம். பசுவைக் குட்டையில் இறக்காமல், வாளியில் தண்ணி வையுங்கள்.

மனிதனையே குறிவைக்கும் சொந்தக்காரப் புழுவும் உண்டு. 1851இல் எகிப்தில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மன் வைத்தியர் அதைக் கண்டுபிடித்தார். இன்றும் ஆபிரிக்காவில் கோடிக்கணக்கான ஏழைகளை வாட்டுகிறது. இலங்கையில் அது வேரூன்றவில்லை. இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்தில், கிம்வி என்ற ஒரு கிராமத்தில் இருப்பதாக 1952இல் எழுதினார்கள்.

ஆனால் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது ஜப்பான் கதை. அங்கே யமனாஷி என்ற மலை சூழ்ந்த பகுதியில் விவசாயிகளுக்குக் கைகால் மெலிந்து, வயிறு ஊதி, சாவு வரும். ஏனென்று யாருக்கும் தெரியாது. சுகியாமா நாகா என்ற விவசாயப் பெண்ணுக்கும் அந்த நோய். 1897இல் சாகும் தறுவாயில், "நான் செத்த பிறகு என் உடம்பை அறுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்" என்று கேட்டு மனுக் கொடுத்தார். உடம்பை அறுப்பதென்றாலே ஊர் நடுங்கிய காலம் அது. கோயில் வளவில் வைத்து அறுத்துப் பார்த்தார்கள். ஈரலில் இனம் தெரியாத முட்டைகள் கிடைத்தன. 1904இல் கட்சுராடா என்ற ஆய்வாளர், அதே பகுதியில் இருந்து வந்த ஒரு பூனையின் உடம்பில் புழுவையே கண்டார். 1913இல் மியாயிரியும் சுசுகியும் அது எந்த நத்தையில் வளர்கிறது என்று காட்டினார்கள். அரிசிமணி அளவு நத்தை!

நத்தை தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? சுண்ணாம்பு போட்டார்கள், மருந்து அடித்தார்கள். அதைவிடப் பெரிய வேலை, வயலுக்குப் போகும் மண் வாய்க்கால்களைச் சிமெந்தால் கட்டியது. சேறும் புல்லும் இல்லாத, தண்ணி வேகமாக ஓடும் வாய்க்காலில் அந்த நத்தையால் நிற்க முடியவில்லை. 1996இல் நோய் ஒழிந்தது என்று யமனாஷியில் அறிவித்தார்கள். நாகா செத்து 99 வருஷம்.

இப்போது நம்முடைய லயத்துக்கு வருவோம். நம்முடைய புழு தட்டைப்புழு அல்ல, கொழுக்கிப்புழு. அதற்கு நத்தையும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். கக்கூஸ் இல்லாமல் வெளியே போகும் இடத்தின் ஈரமண் போதும். மலத்தோடு விழும் முட்டை சில நாளில் பொரித்து, செருப்பில்லாத காலில் ஏறும். இரத்தத்தோடு நுரையீரல் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு, குடலில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது ஒரு துளிகூட வராது. நூறு புழு இருந்தால்? மாதவிலக்கும் பிள்ளைப்பேறும் உள்ள பெண்ணுக்கு? வெளிறிப்போய், மலையேறினால் மூச்சு வாங்கி, கொழுந்துக் கிலோ குறைந்து நிற்பவளைப் பார்த்து "சோம்பேறி" என்று சொல்ல எத்தனை பேர் இருக்கிறார்கள்! அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளையும் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயரே சோம்பல் கிருமி.

1916இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கைக்கு வந்து, தோட்டங்களில் இந்தப் புழுவுக்கு எதிராக இயக்கம் நடத்தினார்கள். சோதித்தவர்களில் பெரும்பாலோருக்குப் புழு இருந்தது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டும் செலவு என்று வந்தபோது துரைமார் பலர் பின்வாங்கினார்கள். மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு பெரட்டுக்குப் போனார்கள், புழு மறுபடி ஏறியது. யமனாஷியில் சிமெந்து போட்டார்கள், நமக்கு எண்ணெய் மட்டும் ஊற்றினார்கள். எங்கள் பார்வையில் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

மருந்து வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையைப் பிள்ளைகள் கட்டாயம் விழுங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு முதல் மூன்று மாதம் கழித்து மருத்துவிச்சி தருவதை வாங்கிப் போட வேண்டும். ஒரு தோட்டத்தில் நாங்கள் படிப்பித்தபோது மாத்திரை நாளன்று பாதிப் பிள்ளைகள் அதை மேசைக்கடியில் ஒட்டிவைத்திருந்தார்கள். கூட்டும்போதுதான் கண்டோம். அதே பள்ளியின் கக்கூசில் எட்டு மாதமாகத் தண்ணி வரவில்லை. நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. நாலாவது கடிதத்தில் தாய்மார் எழுபது பேர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழாய் வந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். உங்கள் லயத்தில் எத்தனை காம்பரா, எத்தனை கக்கூஸ், அதில் தண்ணி வருவது எத்தனை, கக்கூஸ் கான் எங்கே போய் விழுகிறது, குடிக்கிற பீலி அதற்கு மேலேயா கீழேயா என்று எழுதுங்கள். பிள்ளைக் காம்பராவையும் மறக்க வேண்டாம். தோட்டத் தலைவரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு, இன்னொன்றை அடுத்த கூட்டத்துக்கு இங்கே கொண்டு வாருங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறோம்.