பத்துக்குக் காசு, மிச்சம் யாருக்கு?



கம்பம் பள்ளத்தாக்கிலே வரப்பிலும் தோப்பிலும் தேக்கு, மா, இலவம் வளர்த்து அறுவை மில்லுக்குக் கொடுப்பவர்கள் நாம். அளவு எப்படிப் போடுறாங்க? நடுச்சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குகிறார்கள். 1736-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹாப்பஸ் அட்டவணை போட்ட கணக்கு இது.

சுற்று 4 அடி, நீளம் 10 அடி என்றால் 10 கன அடிக்குத்தான் காசு. உருண்டை மரத்தில் உள்ளபடி இருப்பதோ 12.7 கன அடி! கேட்டால், "தோல் போகுது, அறுப்பில் சேதாரம்" என்பார்கள். ஓரப்பலகை விறகாகுது, மரத்தூளும் விலை போகுது. அந்தக் காசு நமக்கு வருதா?

நாம் கேட்பது சலுகை அல்ல, நியாயம். முழுக் கன அளவுக்கு விலை பேசு! எங்கள் கண்முன்னே அளந்து சீட்டு எழுதிக் கொடு! கூடலூர் முதல் தேனி வரை ஒரே குரலாய்க் கேட்போம், வாரீர்!