மூக்கும் முழியுமா

(வடகரையில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேச வேண்டிய இடத்தில் அழகைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நம் பக்கத்தில் என்ன சொல்கிறார்கள்? "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த "இருந்தாலும்" எதற்கு? "சிவப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்று கல்லூரியில் நடப்பது. "உன்னைப் பார்த்தா காலனி ஆளு மாதிரியே தெரியலையே!" சொன்னவர் பாராட்டியதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். கேட்ட பிள்ளை அன்றிரவு கண்ணாடி முன்னால் நிற்கும்.

கேள்வி கேட்டால் தயாராக ஒரு பதில் இருக்கிறது: "ரசனை பிறவியிலே வர்றது. அதுக்கு என்ன செய்ய?"

பிறவியிலேயே வருகிறதா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2015இல் லாரா ஜெர்மின், ஜெரமி வில்மர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கருவில் பிறந்த ஒத்த இரட்டையர் 547 இணைகள், ஒத்திராத இரட்டையர் 214 இணைகள். எல்லோரிடமும் முகப்படங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார்கள். ரசனை மரபணுவில் இருந்தால் ஒத்த இரட்டையரின் மதிப்பெண்கள் மிக நெருங்கி வர வேண்டும். அப்படி வரவில்லை. ஆளுக்கு ஆள் ரசனை வேறுபடுவதற்குப் பெரிய காரணம் மரபணு அல்ல, அவரவர் வாழ்ந்த சூழல் என்று தெரிந்தது. அதிலும் ஒரே வீட்டில் ஒன்றாக வளர்ந்தது பெரிய காரணமாக இல்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாக யாரைச் சந்தித்தார்கள், யாரோடு பழகினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்கிறார்கள். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே சோறுதான்; பள்ளிக்கூடத்தில் பெஞ்சுத் தோழிகள் வேறு வேறு.

ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968லேயே காட்டியது இதோடு சேரும். எதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோமோ, அதன் மேல் விருப்பம் கூடுகிறது.

இப்போது நம் ஊர்களுக்கு வாருங்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். ஒரு தெருப் பிள்ளை இன்னொரு தெருப் பிள்ளையின் முகத்தை எத்தனை முறை பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது? நடவு வயலில் வெயிலில் நிற்கிற முகம் எந்த விளம்பரத்தில் வருகிறது? அந்த வெற்றிடத்தை டிவி நிரப்புகிறது. ஃபேர் அண்ட் லவ்லி 1975இல் வந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க 2020 ஆனது. நாற்பத்தைந்து வருடம்! (சாரல் நேரத்தில் ஐந்தருவியில் நின்றால் அத்தனையும் ஒரு நிமிடத்தில் கழுவிக்கொண்டு போகும் என்பது வேறு கதை.)

"மூக்கும் முழியுமா இருக்கா" என்கிறோமே, அந்த மூக்கை அளவுகோல் வைத்தே அளந்தார்கள். ஆங்கிலேய அதிகாரி ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதிப் படியில் தாழ்வு என்று கோட்பாடே எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியா முழுக்க அளந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். இதே மாதிரி மூக்களவுகளை எடுத்துக்கொண்டு அம்பேத்கர் 1948இல் திருப்பி அடித்தார்: இந்த அளவுகள் உண்மையென்றால் பார்ப்பனரும் தீண்டப்படாதாரும் ஒரே இனம். எதிரியின் அளவுகோலாலேயே எதிரியை அளந்த வேலை அது. ஆனாலும் "முகத்தைப் பார்த்தாலே சாதி தெரியும்" என்று சொல்கிறவர்கள் இன்னும் திண்ணையில் இருக்கிறார்கள்.

"அப்படியென்றால் காதலுக்கும் இடஒதுக்கீடா?" என்று கேட்பீர்கள். இல்லை. இந்த முகத்தை நீ விரும்பு என்று யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது, போடவும் கூடாது. முகப்படங்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் இரண்டு பேர் ஏறக்குறையப் பாதிதான் ஒத்துப்போகிறார்கள் என்கிறது அதே ஆய்வு. அந்த மீதிப் பாதி உங்களுடையது. அதில் நான் தலையிடவில்லை. நான் கேட்பது, அந்த உங்களுடைய பாதிக்குள் யார் யார் வந்து போக முடிந்தது என்பதைத்தான். நீங்கள் பார்க்கவே விடப்படாத முகத்தை "எனக்குப் பிடிக்கல" என்று சொன்னால், அதில் உங்கள் தேர்வு எவ்வளவு, தெருவின் தேர்வு எவ்வளவு?

சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளை வெட்டுகிறவர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். பழகினால் பிடித்துவிடும் என்ற பயத்தில்தான் பழகவே விடுவதில்லை.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்டதற்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். வகுப்பில் பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப்படுகிறது. பெயரின் முதல் எழுத்து முடிவு செய்தால், பத்து மாதம் பக்கத்தில் யார் முகம் இருக்கும் என்பதைத் தெரு முடிவு செய்ய முடியாது.

இங்கே ஆசிரியர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் இப்போது எப்படி உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அங்கிருந்து கலந்துரையாடலைத் தொடங்குவோம்.