சேரநாட்டிற் பாரசீகச் சுவடுகள்



பாரசீகம் என்ற பெயரைக் கேட்டவுடன் பெர்சிப்பொலிசின் கற்றூண்களும் இசுபகான் நகரத்து நீலக் குவிமாடங்களும் நம் மனக்கண்முன் தோன்றும். அவற்றை நேரிற் காணும் வாய்ப்பு எல்லார்க்கும் எளிதிற் கிட்டுவதன்று. ஆயினும், பணியின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் தமிழகத்தை நீங்கிக் கேரள நாட்டில் வாழும் நமக்கு, பாரசீகத்தின் பழஞ்சுவடுகள் ஒரு புகைவண்டிப் பயணத் தொலைவிலேயே இருக்கின்றன. அவை எங்கே உள்ளன, எவ்வாறு அவற்றைக் காணவேண்டும் என்பதைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

பயணத்தைத் திருவனந்தபுரத்திலிருந்தே தொடங்கலாம். தலைமைச் செயலகத்தின் எதிரே சர். டி. மாதவராவின் சிலை நிற்கிறது. அதனாலேயே அவ்விடத்தை மக்கள் 'ஸ்டாச்சு' என்று வழங்குகின்றனர். கும்பகோணத்திற் பிறந்த மாதவராவ் திருவிதாங்கூரின் திவானாக விளங்கியவர். அவர் காலத்தில், 1869ஆம் ஆண்டில் செயலகக் கட்டடம் நிறைவுற்றது. அவர் வகித்த பதவியின் பெயராகிய 'திவான்' என்பதும், அக்கட்டடத்தின் நடுவிலுள்ள மண்டபத்தின் பெயராகிய 'தர்பார்' என்பதும் பாரசீக மொழி தந்த சொற்களே. சர்க்கார், பஜார், ஜமீன், சால்வை, பாதாம், பிஸ்தா என நாம் நாள்தோறும் வழங்கும் சொற்கள் பலவும் அவ்வழி வந்தனவே.

அங்கிருந்து அருங்காட்சியகத் தோட்டத்திற்குச் செல்லுங்கள். 1935ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்தில் மொகலாய மரபுச் சிற்றோவியங்கள் இடம்பெற்றுள்ளன. மீர் சையத் அலி, அப்துஸ் சமத் என்னும் பாரசீக ஓவியர் இருவரை உமாயூன் மன்னர் அழைத்து வந்ததிலிருந்து வளர்ந்த கலை அது. திங்கட்கிழமைகளில் கூடம் திறப்பதில்லை என்பதை நினைவிற் கொள்க.

இவை பிற்காலத்தில் வடநாட்டின் வழியாக வந்த செல்வாக்கு. இதற்கு மிக முற்பட்ட காலத்திலேயே கடல்வழியாக நேரே வந்த பாரசீகர் உண்டு. மிளகு விளையும் 'மாலே' என்னும் நாட்டிற் கிறித்தவர் வாழ்ந்தனர் என்றும், இலங்கையிற் பாரசீகக் கிறித்தவர்க்கு ஒரு கோயில் இருந்தது என்றும் 6ஆம் நூற்றாண்டிலேயே காஸ்மாஸ் என்னும் கிரேக்கர் எழுதியிருக்கிறார். அந்தத் தொடர்பின் தலைசிறந்த சான்று கொல்லத்திற்கு உரியது.

திருவனந்தபுரத்திற்கு வடக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொல்லம், பண்டைநாளில் பெருந்துறைமுகமாக விளங்கியது. சேரமன்னர் தாணு இரவியின் 5ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 849இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவக் கோயிலுக்கு உரிமைகள் பல வழங்கினார். அக்கோயிலை அமைத்தவர் மருவான் சபீர் ஈசோ என்பவர். அவ்வுரிமைகளைப் பொறித்தவையே தரிசாப்பள்ளிச் செப்பேடுகள். அவற்றின் எழுத்து வட்டெழுத்து. இடையிடையே கிரந்த எழுத்துகளும் வரும். தமிழும் மலையாளமும் இருவேறு மொழிகளாகப் பிரிந்து முதிராத காலத்து மொழியாதலின், படியெடுத்து அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால், நம்மவர்க்குப் பல சொற்கள் தாமாகவே விளங்கும்.

ஏட்டின் இறுதியிலுள்ள சாட்சிக் கையொப்பங்கள் வியப்பூட்டுவன. சிலர் அரபு மொழியிற் கூபி எழுத்தால் ஒப்பமிட்டனர். சிலர் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தால் ஒப்பமிட்டனர். வேறு சிலர் பாரசீக மொழியை எபிரேய எழுத்தில் எழுதினர். இசுலாமியர், கிறித்தவர், சரதுஷ்டிர நெறியினர், யூதர் ஆகிய நால்வகையாரும் ஓர் ஏட்டில் சாட்சி நின்றனர் என்று அறிஞர் கூறுகின்றனர்.

இந்த ஏடு தரும் செய்தி ஒன்று நம் உள்ளத்திற்கு மிக நெருங்கியது. வாரக்கோல், பஞ்சக்கண்டி, கப்பான் ஆகிய நிறை, அளவை, முத்திரைக் கருவிகளைப் பாதுகாக்கும் பொறுப்பு அப்பள்ளியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு துறைமுகத்தின் உயிர்நாடி அதன் நிறையும் அளவுமே. கடல் கடந்து வந்து குடியேறியவரிடம் அதனையே நம்பிக் கொடுத்தான் அவ்வூர் அரசன். பள்ளிக்குக் காவலாக அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் இரு வணிகக் குழுக்கள் நியமிக்கப்பெற்றன. இவற்றுள் மணிக்கிராமம், கொடும்பாளூரிலும் சயாம் நாட்டுத் தகுவாபாக் கல்வெட்டிலும் பெயர் பெற்ற தமிழ் வணிகக் குழுவே. இதனோடு மற்றொன்றையும் மறைத்தல் தகாது. ஈழவர், வண்ணார் முதலிய உழைக்கும் குடிகளும் நிலத்தோடு சேர்த்தே பள்ளிக்குக் கொடுக்கப்பட்டனர். அவர்களுடைய இசைவை எவரும் கேட்டதாக ஏட்டில் இல்லை.

பழைய தரிசாப்பள்ளி இன்று கொல்லத்தில் இல்லை. தங்கசேரியிற் கலங்கரை விளக்கத்தின் அருகே நின்று கடலைப் பார்த்து, அந்த நாளை மனத்தில் எண்ணிக்கொள்ளலாம். செப்பேடுகளோ கோட்டயம் தேவலோகத்திலும் திருவல்லாவிலும் உள்ள இருவேறு சபைத் தலைமையகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. காட்சிச்சாலைப் பொருள்கள் போல எந்நேரமும் காணக்கூடியவை அல்ல. முன்கூட்டியே கடிதம் எழுதி, இசைவு பெற்ற பின்னரே செல்லுதல் வேண்டும்.

ஏடுகளைக் காண இயலாவிடினும் கோட்டயப் பயணம் வீண்போகாது. கொல்லத்திலிருந்து செங்கன்னூர், திருவல்லா வழியாகச் செல்லும் இருப்புப்பாதையிலேயே அவ்வூர் உள்ளது. அங்கே பழைய வணிகப் பகுதியாகிய தாழத்தங்காடிக்கு அருகில் வலியபள்ளி என்னும் பழங்கோயில் இருக்கிறது. அதனுள் பலிபீடங்களின் மேல் பாரசீகச் சிலுவைகள் இரண்டு உள்ளன. நுனிகளில் மொக்கு விரிந்த சிலுவை, மேலிருந்து இறங்கும் புறா, அடியில் தாமரை போன்ற இதழ்கள், சுற்றிலும் வளைவாக ஓடும் பகலவி எழுத்து ஆகியவற்றை நிதானமாக நோக்குங்கள். எழுத்து பாரசீகருடையது, தாமரையோ நம் நாட்டுச் சிற்பியின் உளி அறிந்தது. சாகர்புக்து என்பவரின் மகனுக்கு இறைவன் இரங்கவேண்டும் என்னும் வேண்டுதலே அவ்வெழுத்தின் பொருள் என்று இக்கால அறிஞர் படிக்கின்றனர்.

அங்கே செல்வோர்க்குச் சில குறிப்புகள். இது வழிபாடு நடைபெறும் கோயில். ஆதலின் ஞாயிறு காலையைத் தவிர்த்துப் பிற நாள்களிற் செல்க. காலணிகளை வெளியே கழற்றிவிடுக. படம் எடுக்குமுன் அங்குள்ள பாதிரியாரிடம் கேட்டுக்கொள்க. எழுத்துகளைக் கையால் தடவுதல் கூடாது. உள்ளே வெளிச்சம் குறைவாயின் கைவிளக்கு உதவும். ஆனி, ஆடி மாதங்களிற் பெருமழை பெய்யும். மார்கழி, தை மாதங்களே பயணத்திற்கு உகந்தவை. கூடுதல் நாள் உடையோர் எர்ணாகுளம் மாவட்டத்துக் கடமற்றம் கோயிலிலும் இத்தகைய சிலுவையைக் காணலாம். சென்னைக்குச் செல்வோர் பரங்கிமலையை மறக்கவேண்டாம். 1547ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அங்கே கடைகால் தோண்டியபோது வெளிப்பட்ட சிலுவையிலும் இதே வேண்டுதலே பொறிக்கப்பட்டுள்ளது.

நேயர்களே! பிற மாநிலத்தில் வாழும் நாமும் ஒருவகையிற் குடியேறியவர்களே. வந்தவரை ஒரு நாடு எவ்வாறு ஏற்றது என்பதற்கும், வந்தவர் தம் எழுத்தை மறவாமலே வந்த நாட்டின் அளவைக்கோலை நேர்மையுடன் காக்கும் கடமையை எவ்வாறு ஏற்றனர் என்பதற்கும் இச்செப்பேடு சான்றாகும். அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, அந்தச் சிலுவைகளின்முன் சற்றுநேரம் நிற்கச் செய்யுங்கள். வட்டெழுத்தும் பகலவியும் ஒரே ஏட்டில் இடம்பெற்ற வரலாற்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். தமிழை மறவாமலும், வாழும் மண்ணுக்கு உண்மையாகவும் இருக்கலாம் என்பதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.