பாறைத் தோட்டத்துப் பொம்மைகளைப் படமெடுத்தல்
(ஆண்டு விழாப் புகைப்படக் காட்சியைத் தொடங்கி வைத்து ஆற்றிய உரை)



சண்டிகரில் வாழும் தமிழர்களாகிய நம்மில், ஊரிலிருந்து வரும் உறவினரைப் பாறைத் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லாதவர் எவரும் இரார். எனினும் நம் இல்லங்களிலுள்ள படங்களைத் திரட்டிப் பார்த்தபோது, அருவியும் அதன் முன் நிற்கும் நம் குடும்பத்தாருமே பெரும்பாலும் காட்சியளித்தனர். அத்தோட்டத்தை ஆக்கியவரின் கைவேலையைக் காட்டும் படங்கள் மிகச் சிலவே. ஆதலால் இவ்வாண்டு பொம்மைகளை மட்டுமே படமெடுப்பதென்று முடிவு செய்து சென்றோம்.

நேக் சந்த் சைனி 1924இல் பிறந்தவர். இன்று பாகிஸ்தானில் உள்ள தம் சிற்றூரைப் பிரிவினையின்போது விட்டு வந்தவர். சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக அமர்ந்தார். லெ கொர்புசியே வகுத்த புதுநகருக்காகப் பல சிற்றூர்கள் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான் சில்லு, உடைந்த வளையல் ஆகியவற்றையும் ஆற்றுக் கற்களையும் சைக்கிளில் ஏற்றிச் சென்று, சுக்னா ஏரியருகே காட்டுக்குள் சேர்த்தார். எவரும் கட்டடம் எழுப்பலாகாதென்று அரசு ஒதுக்கிய நிலம் அது! பகலில் அலுவல், இரவில் இப்பணி என ஏறத்தாழ 18 ஆண்டுகள் மறைவாகவே நடந்தது. 1975இல் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது, சட்டப்படி அதனை இடித்திருக்கலாம். மாறாக, 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டு, அவரையே பொறுப்பாளராக்கி வேலையாட்களையும் அளித்தனர். அரசுகள் இவ்வாறு நடந்துகொள்வது அரிது. 1984இல் பத்மஸ்ரீ விருதும் வழங்கப்பெற்றது.

இனிப் படமெடுத்த செய்திக்கு வருவோம். நடுப்பகல் வெயிலில் பீங்கான் பளபளத்து, பொம்மைகளின் முகமே மறைந்துவிடுகிறது. குளிர்காலக் காலைச் சாய்வொளியே ஏற்றது. மேட்டுச் சரிவில் வரிசை வரிசையாக நிற்கும் உருவங்களைக் கண்ட நம் குழந்தைகள், "கொலு வைத்திருக்கிறார்கள்!" என்று கூவினர். பொருத்தமான சொல்தான், ஆனால் எட்டி நின்று பார்த்தால் கொலுவோடு நின்றுவிடும். ஆகவே ஒவ்வோர் உருவத்தையும் இருமுறை எடுத்தோம்: ஒன்று முழுமையாக, மற்றொன்று ஒரு சாண் அளவில் நெருங்கி. தொலைவில் வண்ணச் சேலையாகத் தோன்றியது, நெருங்கினால் ஈரச் சிமெண்டில் அழுத்திப் பதித்த நூற்றுக்கணக்கான வளையல் துண்டுகள். எவர் கைகளில் ஒலித்தவையோ! சில உருவங்களுக்குள் எலும்புக்கூடாக நிற்பவை பழைய சைக்கிளின் உறுப்புகள்.

இவ்வளவு நெருங்கி எடுப்பதேன் எனக் கேட்கலாம். 1990இல் சாலை அமைப்பதற்காகத் தோட்டத்தின் ஒரு பகுதியை இடிக்க முயன்றபோது நகர மக்களே முன்நின்று தடுத்தனர். 1996இல் அவர் அயல்நாடு சென்றிருந்த வேளையில் பல உருவங்கள் உடைக்கப்பட்டன. 2015இல் அவரும் மறைந்தார். உதிர்ந்த துண்டை மீண்டும் பதிக்க விரும்புவோர்க்கு, முன்பு அது எவ்வாறிருந்தது என்று காட்டப் படமே துணை.

இவ்விடத்தில் ஒரு வேண்டுகோள். 1976 முதல் அங்கு எடுத்த குடும்பப் படங்கள் உங்கள் பெட்டிகளில் கிடந்தால், அருள்கூர்ந்து கொணருங்கள். அத்தையின் தோளுக்குப் பின்னால், இன்று உடைந்து போன பொம்மை ஒன்று முழுதாக நிற்கக்கூடும். படியெடுத்துக்கொண்டு, மூலப்படத்தை உங்களிடமே திருப்பித் தருவோம். படத்தின் பின்புறம் ஆண்டை மட்டும் பென்சிலால் குறித்துத் தருக.