காடு பிடிச்சவங்களுக்கு ரெண்டு புத்தகம்

காடு, வேட்டைன்னா உயிரா இருக்கிறவங்க எதைப் படிக்கலாம்னு கேட்டிருந்தீங்க. முதல்ல ஜிம் கார்பெட். 1944-ல வந்த புத்தகம். ‘குமாயுன் புலிகள்’னு தமிழ்லயும் இருக்கு.

சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்னதா கணக்கு. 1907-ல அதைச் சுட்ட கார்பெட், வாயைப் பார்க்கிறார். வலதுபக்கக் கோரைப்பற்கள் மேலயும் கீழயும் உடைஞ்சிருக்கு. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமத்தான் அது மனுஷங்க பக்கம் திரும்பியிருக்குங்கிறார். யாரோ அரைகுறையா சுட்டதுக்கு, விறகு பொறுக்கப் போன பொண்ணு உயிரைக் கொடுத்திருக்கா. இந்த இடத்தை மெதுவா படிங்க.

அடுத்தது கென்னத் ஆண்டர்சன். நம்ம ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகள். கொஞ்சம் கூட்டிச் சொல்வாரோன்னு எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனா ராத்திரிக் காட்டோட சத்தத்துக்காகவே படிக்கலாம்.

தூண்டில்காரங்களுக்கான புத்தகம் அடுத்த வாரம்.